டிரெய்லர் இழுக்கும் பெரிய பிக்கப்புக்கு எந்த டயர்?

பெரிய பிக்கப்புக்கு டயர் மாற்றும் நேரம் வந்ததும் பேச்சு நேராகப் பட்டனுக்கு, அதாவது டயரின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளுக்குப் போய்விடும். தார்ச்சாலைக்கான ஹைவே டயரா, எல்லாத் தரைக்குமான ஆல்-டெரெய்னா, சேற்றுக்கான மட்-டெரெய்னா என்று மூன்றையும் வரிசையாக நிறுத்தி, எது பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறதோ அதுதான் உறுதியானது என்று முடிவு கட்டிவிடுகிறோம். டிரெய்லர் இழுக்காத வண்டிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் கூடுதல் டீசல், அவ்வளவுதான். இழுக்கிற வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே டயரின் ஆயுளைத் தின்பது சூடு. அதே சுமையை ஏற்றிக்கொண்டு எந்த டயர் குறைவாகச் சூடாகிறதோ, அதுதான் அதிக நாள் உழைக்கும். பட்டனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சுழலும் டயரில் தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் தட்டையாகி மறுபடி நிமிர்கிறது. இப்படி மடங்கி நிமிர்வதில்தான் ரப்பர் சூடாகிறது. பாரம் ஏறினாலோ காற்று இறங்கினாலோ அதிகமாக மடங்கும். வேகம் கூடினால் அடிக்கடி மடங்கும். இவை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து, வெயிலும் கொளுத்தினால், ட்ரெட்டுக்கு (தரையில் உருளும் மேல் ரப்பர் பரப்புக்கு) அடியில் இருக்கும் எஃகு பெல்ட்டின் ஓரத்தில் ரப்பர் பிடிப்பை விடத் தொடங்கும். கடைசியில் ட்ரெட் மொத்தமாக உரிந்து போகும். தேய்மானம் என்றால் கண்ணுக்குத் தெரியும், மாற்ற அவகாசமும் கிடைக்கும். இது அப்படி இல்லை.

இதற்குப் பெரிய சாட்சி 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. ட்ரெட் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. டயரில்தான் குறை என்றது ஃபோர்டு. ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ காற்று போதாது என்றது ஃபயர்ஸ்டோன். சண்டை எப்படியோ போகட்டும், விபத்துகள் வெயில் அதிகமான மாநிலங்களில் குவிந்திருந்ததை இரு தரப்பும் மறுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் எரியும் விளக்கு அங்கே கட்டாயமானது. ஆனால் அந்தக் கட்டாயம் மொத்த எடை அனுமதி 4,536 கிலோ வரை உள்ள வண்டிகளுக்கு மட்டுமே. அதைத் தாண்டும் பெரிய பிக்கப்புகளும், பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ளவையும் அதில் வராது. டயர் கண்காணிப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களைத்தான் சட்டம் விட்டுவிட்டது. உங்கள் வண்டியில் அந்த விளக்கு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், வால்வு மூடிக்குப் பதில் திருகிக்கொள்ளும் சென்சார்கள் தனியாகக் கிடைக்கின்றன. டிரெய்லர் சக்கரங்களுக்கும் சேர்த்தே போடலாம்.

முதலில் கிலோ கணக்கு

டிரெய்லரின் எடை முழுவதும் பிக்கப்பின் மேல் உட்காருவதில்லை. பிக்கப்பின் பின்முனையில் உள்ள பந்தில் டிரெய்லரை மாட்டும் சாதாரண பந்து ஹிட்ச் (இணைப்பு) என்றால் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச்சின் மேல் அழுத்தும். பிக்கப்பின் பின்பெட்டிக்குள், பின் அச்சுக்கு மேலேயே இணையும் கூஸ்நெக், ஃபிஃப்த் வீல் வகைகளில் அது 15 முதல் 25 சதவீதம் வரை போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4,500 கிலோ டிரெய்லர், பந்து ஹிட்ச், 12 சதவீதம்: ஹிட்ச்சில் 540 கிலோ. ஆனால் பின் அச்சில் ஏறுவது 540 இல்லை. பந்து பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் வேலை செய்கிறது. அச்சிலிருந்து பந்து 1.3 மீட்டர் பின்னால், இரு அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் என்று வைத்தால், பின் அச்சில் சுமார் 715 கிலோ ஏறி, முன் அச்சிலிருந்து 175 கிலோ கழன்றுவிடும். முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். எடையைப் பங்கிடும் ஹிட்ச் மாட்டினால் இதில் ஒரு பகுதி முன்னுக்குத் திரும்பிவிடும்.

இப்போது கூஸ்நெக்: 7,000 கிலோ டிரெய்லர், 20 சதவீதம். 1,400 கிலோ கிட்டத்தட்ட நேராகப் பின் அச்சின் மேல் இறங்குகிறது. காலி வண்டியின் பின் அச்சு ஏற்கெனவே 1,350 கிலோ. பெட்டிகள், கருவிகள், பின்சீட்டு ஆட்கள் என்று 250 சேர்த்தால் மொத்தம் 3,000. இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 1,500 கிலோ.

இந்த 1,500 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டயரின் பக்கச் சுவரைப் படிக்க வேண்டும். எல்டி 245/75ஆர்17 என்ற அளவில் (எல்டி என்றால் லைட் டிரக், இலகு சரக்கு வண்டிக்கான டயர்), லோடு ரேஞ்ச் ஈ டயரில் 121 என்ற எண் இருக்கும். ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது 1,450 கிலோ என்று அதற்குப் பொருள். எல்டி 275/70ஆர்18, அதுவும் ரேஞ்ச் ஈ. ஆனால் எண் 125, அதாவது 1,650 கிலோ. இரண்டின் மேலும் அதே ஈ, இரண்டையும் ‘பத்து பிளை’ என்றே சொல்வார்கள், இரண்டிலும் 80 பிஎஸ்ஐ வரை காற்று பிடிக்கலாம். ஆனால் முதல் டயர் நம் கூஸ்நெக்குக்குப் போதாது. இரண்டாவதில் 150 கிலோ மிச்சம் இருக்கிறது.

இந்தக் குழப்பம் மிகச் சாதாரணமாக நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டினேன். ரேஞ்ச் எழுத்து சொல்வது டயர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை: சி என்றால் 50, டி 65, ஈ 80, எஃப் 95 பிஎஸ்ஐ. சுமையைச் சொல்வது அந்த மூன்று இலக்க எண். ‘பத்து பிளை’ என்பதும் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பருத்தி நூல் காலத்துக் கணக்கின் மிச்சம் அது. 125/122 என்று இரண்டு எண்கள் இருந்தால் இரண்டாவது எண் இரட்டைச் சக்கரத்துக்கானது. ஜோடியாக ஓடும்போது ஒவ்வொரு டயரும் தாங்கும் சுமை சற்றுக் குறைத்தே கணக்கிடப்படும்.

கார் வகை டயரை, அதாவது முன்னால் எல்டி என்று இல்லாததை, பிக்கப்பில் மாட்டினால் அதில் எழுதியிருக்கும் சுமையை 1.1-ஆல் வகுக்க வேண்டும். 1,250 கிலோ என்று எழுதியிருந்தால் சுமார் 1,136 தான். சிறிய பிக்கப்பில் இலகுவான படகை இழுப்பவர்களுக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். கனரக பிக்கப் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் கருத்தில், கணக்கில் வரும் சுமைக்கு மேல் பத்து சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும். டிரெய்லரில் சாமான் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் ஏறும், சமமாகவும் ஏறாது. முடிந்தால் ஏற்றிய வண்டியை எடை மேடையில் ஏற்றி, அச்சு வாரியாக எடை பார்த்துவிடுங்கள். மேலே நான் போட்ட கணக்கைவிட அந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

சரி, பட்டனுக்கு வருவோம்

ஹைவே டயரில் நீளவாக்கில் ஓடும் கோடுகளும், நெருக்கமான பட்டைகளும் இருக்கும். புதிதாக இருக்கும்போது ட்ரெட் ஆழம் பெரும்பாலும் 10 முதல் 11 மில்லிமீட்டர். ஆல்-டெரெய்னில் பட்டன் தனித்தனியாகப் பிரிந்து, ஆழம் 12 முதல் 14 வரை. மட்-டெரெய்னில் 14-ஐத் தாண்டி, பட்டன்களுக்கு நடுவே விரல் புகும் அளவு இடைவெளி.

ஆழம் கூடினால் ஆயுளும் கூடும் என்று மனது சொல்லும். இழுவையில் அது பாதிதான் உண்மை. உயரமான பட்டன் பாரத்தில் வளைந்து நெளியும். அந்த நெளிவும் சூடுதான். தவிர, ஆழமான ட்ரெட் என்றால் தடித்த ரப்பர். உள்ளே பிறந்த சூடு வெளியேற நேரமாகும். பின்னால் நீளமான டிரெய்லர் இருக்கும்போது பக்கவாட்டில் காற்று தள்ளினாலோ பெரிய லாரி ஒன்று முந்திப் போனாலோ இந்த நெளிவை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். வண்டி ஒரு கணம் தாமதித்துப் பதில் சொல்லும். புது ஆல்-டெரெய்ன் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டரில் இது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். பட்டன் தேய்ந்து தாழ்ந்தபின் குறையும்.

அதனால் தார்ச்சாலையிலேயே பெரும்பாலும் ஓடும் இழுவை வண்டிக்கு என் ஓட்டு ஹைவே டயருக்குத்தான். மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ், ஃபயர்ஸ்டோன் டிரான்ஸ்ஃபோர்ஸ் எச்டி போன்றவை இந்த வகை. பார்க்க ஒரு கவர்ச்சியும் இருக்காது. ஆனால் நேராகப் போகும், மழையில் நன்றாக நிற்கும், சத்தம் போடாது, எடையும் குறைவு. இந்த வகைக்குள்ளேயே டெலிவரி வண்டிகளையும் சர்வீஸ் வண்டிகளையும் மனதில் வைத்துச் செய்யப்படும் கமர்ஷியல் டயர்கள் உண்டு. பக்கச் சுவர் நடைபாதை ஓரத்தில் உரசினாலும் தாங்கும்படி தடிமனாக இருக்கும், ரப்பர் கலவை தேய்மானத்தைத் தாங்கும் விதமாகக் கெட்டியாக இருக்கும். காலியாக ஓட்டினால் உடம்பு குலுங்கும், ஈரச் சாலையில் பிடிப்பும் கொஞ்சம் குறையலாம். வாரம் முழுக்க லோடோடு ஓடும் வண்டிக்கு அது சரியான பேரம். வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே வண்டி என்றால் சாதாரண ஹைவே எல்டி போதும்.

ஹைவே டயர் தோற்கும் இடம் எது? சரளைக்கல். கூர்மையான கல்லின் மேல் பாரத்தோடு சக்கரம் சுழன்றால் ரப்பர் துண்டு துண்டாகச் சிதறும். நெருக்கமான பட்டைகளுக்கு இடையே கல் சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இறங்கும். கட்டுமான இடம், குவாரி, பண்ணைப் பாதை என்று தினமும் போகிறவருக்கு ஆல்-டெரெய்ன்தான் நீடிக்கும். பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்தின் அடியில் கல்லை வெளியே தள்ளும் சிறு மேடுகள், டயரின் ஓரத்துத் தோள்பட்டை வரை இறங்கும் பட்டன், சில மாடல்களில் கூடுதல் அடுக்கு கொண்ட பக்கச் சுவர் எல்லாம் அங்கே காசுக்கு வேலை செய்யும். பிஎஃப்குட்ரிச் கேஓ2 இந்தக் காரணத்துக்காகத்தான் பெயர் வாங்கியது. ஃபால்கன் வைல்ட்பீக், டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏடி வரிசைகளும் இதே சந்தைக்கானவை. இவற்றுள்ளும் இழுவைக்கு எடுப்பதானால், நடுவில் பட்டன்கள் ஒன்றோடொன்று பாலம் போட்டு இணைந்திருக்கும் வடிவத்தைத் தேடுங்கள். கட்டைவிரலால் ஒரு பட்டனைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். கையால் தள்ளும்போதே அசைகிற பட்டன், 1,500 கிலோவில் என்ன ஆட்டம் போடும் என்று புரிந்துவிடும்.

பனியில் ஓடுகிறவர்கள் பக்கச் சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் போதாது. அது ட்ரெட்டின் வடிவத்தைப் பொறுத்துத் தயாரிப்பாளர் போட்டுக்கொள்வது. மலைச் சின்னத்துக்குப் பனியில் சோதனை உண்டு. பல ஆல்-டெரெய்ன்களில் அது இருக்கிறது, ஹைவே டயர்களில் சிலவற்றில்தான்.

மட்-டெரெய்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேறு இருந்தால் அதற்கு ஈடு இல்லை. நெடுஞ்சாலையில் டிரெய்லர் இழுக்க அது வேண்டாம். கனம், இரைச்சல், ஈரத் தாரில் குறைவான பிடிப்பு, ஒழுங்கில்லாத தேய்மானம் என்று எல்லாமே எதிராக நிற்கும்.

மூன்றில் எதை எடுத்தாலும் அளவைப் பெரிதாக்கும் ஆசை வரும். 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 மாட்டினால் வண்டி கம்பீரமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் 3.73 என்ற அச்சு விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) நடைமுறையில் 3.41 ஆகிவிடும். ஏற்றத்தில் என்ஜின் திணறும், கியர்பாக்ஸ் சூடாகும், பிரேக்குக்கும் வேலை கூடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். இத்தனைக்கும் பெரிய டயரில் சுமைத்திறன் கூடும் என்ற உத்தரவாதமும் இல்லை. சில 35 அங்குல டயர்களின் எண் அதைவிடச் சிறிய டயரின் எண்ணுக்குக் கீழே இருக்கும். வண்டியோடு வந்த அளவிலேயே இருந்துகொண்டு, அதில் உயர்ந்த சுமை எண்ணைத் தேடுவது நல்லது.

இன்னொரு பக்கம் டிரெய்லருக்கென்றே செய்யப்படும் எஸ்டி டயரை, சுமைத்திறன் பெரிதாக இருக்கிறதே என்று பிக்கப்பில் மாட்டிவிடக் கூடாது. அது இழுபட மட்டுமே செய்யப்பட்டது. திருப்புவதற்கும் உந்துவதற்கும் அல்ல.

எத்தனை கிலோமீட்டர் வரும்?

கார் டயரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். 400, 600 என்று போட்டிருப்பார்கள். அந்த அமெரிக்கத் தர முறை எல்டி டயர்களுக்குப் பொருந்தாது என்பதால் பெரும்பாலானவற்றில் அந்த எண்ணே இருக்காது. மிஞ்சுவது தயாரிப்பாளர் தரும் கிலோமீட்டர் உத்தரவாதம். அதிலும் கவனம் வேண்டும்: ஒரே பெயரில் வரும் டயருக்குக் கார் அளவில் ஒரு தொலைவும், எல்டி அளவில் அதைவிடக் குறைவான தொலைவும் இருப்பது சகஜம். விளம்பரத்தில் பெரிய எண் எது என்று உங்களுக்கே தெரியும். பல உத்தரவாதங்கள் வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாது. டயர்களை இடம் மாற்றி மாட்டியதற்கான ரசீதும் கேட்பார்கள்.

இழுவை வண்டியில் முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு விதமாகத் தேயும். டீசல் என்ஜினின் கனத்தால் முன் டயரின் தோள்கள் தேயும். பின் டயர் உந்துதலில் தேயும், பாரம் இறக்கிய பிறகும் முழுக் காற்றோடு ஓட்டினால் நடுப்பகுதி மொட்டையாகும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றினால் இது சமமாகும். இடையில் உள்ளங்கையை ட்ரெட்டின் மேல் ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் திரும்பும்போது சுரசுரப்பாகவும் இருந்தால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. அந்த நிலையில் எந்த நல்ல டயரும் பாதி ஆயுளில் போய்விடும்.

காற்றைப் பொறுத்தவரை கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண் இருக்கும். முழுப் பாரத்துக்கு அதைப் பிடிக்கலாம். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது ஓட்டத் தொடங்கும் முன், அளக்க வேண்டும். 80 பிஎஸ்ஐ அளவில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ மாறும். ஓடிச் சூடான டயரில் எண் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்ததும் அது தேவைக்குக் கீழே போய்விடும். நடுவழியில் நிற்கும்போது நான்கு டயரையும் கையால் தொட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அதில் காற்றோ பேரிங்கோ பிரேக்கோ ஏதோ ஒன்று சரியில்லை.

டயரைத் தேர்ந்தெடுத்தபின் மாட்டும் இடத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று வால்வு. கார்களில் சாதாரணமாகப் போடும் ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மேல் பயன்படுத்த ஏற்றதல்ல. 80 பிடிக்கும் டயருக்கு உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். விலையுயர்ந்த ஈ ரேஞ்ச் டயரை மாட்டிவிட்டு, மலிவான வால்வில் காற்றைக் கோட்டை விடுவது வயிற்றெரிச்சல். ரிம்முக்கும் தனியாகச் சுமை வரம்பு உண்டு. அழகுக்காக வெளியே வாங்கிய ரிம் என்றால் அதன் உள்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எஃப் ரேஞ்சுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், 95 பிஎஸ்ஐயை எல்லா ரிம்மும் ஏற்காது.

மற்றது தயாரிப்புத் தேதி. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதிகம் விற்காத அளவுகள் கிடங்கில் கிடந்து வயதாகியிருக்கும், தள்ளுபடியில் வருவது சில சமயம் அதனால்தான். நான்கும் ஒரே காலத்தில் செய்யப்பட்டவையா என்று பாருங்கள். கூடவே பின்பெட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் தேதியையும் படித்துவிடுங்கள். ட்ரெட் புதிதுபோலவே இருக்கும், வயது மட்டும் வண்டியின் வயது. பத்து வயதைத் தாண்டிய டயரை ட்ரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்; ஆறிலேயே மாற்றச் சொல்லும் வண்டி நிறுவனங்களும் உண்டு. டயர் அளவையோ சுமை எண்ணையோ மாற்றியிருந்தால் ஸ்டெப்னியும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். எனவே நான்கு வாங்கப் போகிறவர் ஐந்துக்கு விலை கேட்பது நல்லது.